599 டாலர் என்னும் தப்புக்கணக்கு

புதிதாக ஒரு கேம் கன்சோலுக்கு விலை அறிவித்தால் போதும், பழைய கதை ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவிடுவார்கள். 2006 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 கண்காட்சியை ஒட்டி சோனி ஒரு கூட்டம் போட்டது. பிளேஸ்டேஷன் 3-இன் விலை அங்கேதான் வெளியானது. 20 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ளது 499 டாலர், 60 ஜிபி உள்ளது 599 டாலர். மேடையில் சோனியின் காஸ் ஹிராய் சொன்ன அந்த 599 அன்றிலிருந்து ஒரு வசையாகவே ஆகிவிட்டது. பேராசை, தலைக்கனம், எட்டாத விலை, அதற்குக் கிடைத்த அடி என்று ஒரே மூச்சில் கதை முடிந்துவிடும். கேம் பற்றி எழுதுகிறவர்களும் வியாபாரம் பற்றி எழுதுகிறவர்களும் இதைக் கேள்வியே கேட்காமல் ஒப்பித்து வருகிறார்கள்.

இதில் சொல்லப்படும் சம்பவங்கள் எல்லாம் நடந்தவைதான். பிசகு முடிவில் இருக்கிறது. போட்டியாளர்களின் விலையோடு வைத்துப் பார்த்தால் பிளேஸ்டேஷன் 3-இன் விலை நியாயமானது. சிலருக்கு அதுவே மலிவு. சாதாரணக் குடும்பத்தால் அந்தப் பணத்தை ஒரே நாளில் எடுத்து வைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டு கேள்விகளையும் போட்டுக் குழப்பியதில்தான் இருபது வருடமாக ஒரு தப்புக்கணக்கு சரியான கணக்குபோல நடமாடுகிறது.

ஒற்றை எண்ணை வைத்து கன்சோலை எடைபோடும் பழக்கத்தை ஊருக்குக் கற்றுக்கொடுத்ததே சோனிதான் என்பது வேடிக்கை. 1995-இல் முதல் இ3. சேகா தன் சாட்டர்ன் கன்சோலுக்கு 399 டாலர் என்று அறிவித்தது. அதே நாளில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கைதட்டல் இன்றுவரை ஓயவில்லை. ஆனால் அந்த 399-க்குள் வெர்ச்சுவா ஃபைட்டர் என்ற கேமும் அடக்கம். விளையாடிய இடத்தைச் சேமித்து வைக்கச் சாட்டர்னுக்கு உள்ளேயே இடம் உண்டு. பிளேஸ்டேஷனுக்கு மெமரி கார்டைத் தனியாக வாங்க வேண்டும். ஒரு கேமும் ஒரு மெமரி கார்டும் வாங்கிப் பாருங்கள், அந்த 100 டாலர் வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துபோகும். அன்றைக்கு யாரும் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. சாட்டர்ன் தோற்றதற்கு வேறு காரணங்கள் ஏராளம். ஆனால் வரலாறு அந்த ஒற்றை எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டது. பதினொரு வருடம் கழித்து அதே கத்தி சோனியின் கழுத்துக்கே வந்தது.

எதிர்த்தரப்பின் விலைக்கு வருவோம். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360, 2005 நவம்பர் 22 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கோர் என்ற மாடல் 299 டாலர், பிரீமியம் 399 டாலர். 'பாதி விலைக்கு எக்ஸ்பாக்ஸ் கிடைக்கும்போது எவன் 599 கொடுப்பான்' என்று கேட்டவர்கள் மனதில் இருந்தது அந்த 299. அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன கிடைத்தது? ஹார்ட் டிஸ்க் கிடையாது. கன்ட்ரோலர் ஒயரோடு வரும். விளையாடியதைச் சேமிக்க வேண்டுமானால் மெமரி யூனிட் தனியாக வாங்க வேண்டும். பழைய எக்ஸ்பாக்ஸ் கேம்கள் இதில் ஓடும் என்று விளம்பரம் செய்தார்கள். அதற்கு ஹார்ட் டிஸ்க் கட்டாயம். அது 100 டாலர். ஆக, கோர் மாடலின் 299, வாடகையை மட்டும் சொல்லிவிட்டு அட்வான்ஸையும் மெயின்டனன்ஸையும் சாவி கொடுக்கும்போது சொல்லும் வீட்டு புரோக்கரின் கணக்கு.

சரி, 399 டாலர் பிரீமியத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் 20 ஜிபி ஹார்ட் டிஸ்க் உண்டு, ஒயர் இல்லாத கன்ட்ரோலர் உண்டு. வைஃபை கிடையாது, அதற்கான அடாப்டர் 100 டாலர். இணையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஆட எக்ஸ்பாக்ஸ் லைவ் கோல்டு சந்தா, வருடத்துக்கு 50 டாலர். பிளேஸ்டேஷன் 3-இல் ஆன்லைன் ஆட்டம் இலவசம். 60 ஜிபி மாடலில் வைஃபை உள்ளேயே இருந்தது. இப்போது கூட்டுங்கள். பிரீமியம் 399, வைஃபை 100, இரண்டு வருட சந்தா 100. மொத்தம் 599. வசைக்கு ஆளான அதே எண், வேறு கடையில்.

வைஃபை வேண்டாம், கேபிள் போட்டுக்கொள்கிறேன் என்கிறவர் 20 ஜிபி பிளேஸ்டேஷனோடு ஒப்பிட வேண்டும், ஏனென்றால் அதிலும் வைஃபை இல்லை. அது 499. எக்ஸ்பாக்ஸ் 399, இரண்டு வருட சந்தா 100. மறுபடியும் அதே 499. மூன்றாம் வருடத்திலிருந்து எக்ஸ்பாக்ஸ்காரர்தான் கூடுதலாகக் கட்டுகிறார். பிளேஸ்டேஷன் 3-க்குள்ளேயே இருந்த ப்ளூ-ரே பிளேயரை நான் இந்தக் கணக்கில் ஒரு காசுகூடச் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

'எல்லாரும் ஆன்லைனில் ஆடுவதில்லையே' என்று ஒரு பதில் வரும். உண்மைதான், எல்லாரும் ஆடுவதில்லை. ஆனால் 360-ஐப் புகழ்ந்தவர்கள் எதைச் சொல்லிப் புகழ்ந்தார்கள் என்று பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் லைவ் எவ்வளவு சீராக ஓடுகிறது, கியர்ஸ் ஆஃப் வாரையும் ஹேலோ 3-ஐயும் நண்பர்களோடு ஆடுவது எவ்வளவு சுகம் என்றுதான் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்தச் சுகத்தை மதிப்பெண்ணில் சேர்த்துக்கொண்டு, அதன் சந்தாவை விலையில் சேர்க்காமல் விடுவது என்ன நியாயம்? லைவ் வேண்டும் என்றால் அதன் கட்டணத்தோடு வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், இரண்டு கம்பெனிகளின் மனப்போக்கும் அதில் தெரிந்துவிடும். 360-இன் தலையில் சாம்பல் நிற உறை ஒன்று கிளிப் போட்டு உட்கார்ந்திருக்கும். அதற்குள் இருப்பது லேப்டாப்பில் போடுகிற சாதாரண இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க். ஆனால் கடையில் ஒரு டிஸ்க் வாங்கி நீங்களே அதற்குள் மாட்டினால் மெஷின் ஏற்றுக்கொள்ளாது. மைக்ரோசாஃப்டின் முத்திரை அதற்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். 2007-இல் 120 ஜிபி டிஸ்கை அவர்கள் 180 டாலருக்கு விற்றார்கள். அதே அளவு லேப்டாப் டிஸ்க் வெளியில் அதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. பிளேஸ்டேஷன் 3-இல் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி. அதை நெம்பினால் நீல நிற ஸ்க்ரூ ஒன்று தெரியும். அதைக் கழற்றி, தட்டை இழுத்தால் டிஸ்க் கையோடு வந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் கடையில் கிடைக்கிற டிஸ்கை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். எப்படி மாற்றுவது என்று சோனியே சொல்லிக்கொடுத்தது. கன்ட்ரோலரிலும் இதே கதை. 360-இன் கன்ட்ரோலருக்கு இரண்டு பென்சில் செல் போட வேண்டும், சார்ஜ் செய்கிற பேட்டரி வேண்டுமானால் தனிக் காசு. சோனியின் கன்ட்ரோலரில் பேட்டரி உள்ளேயே இருந்தது. (அதில் அதிர்வு இல்லை என்ற குறையை மறைக்கவில்லை. காப்புரிமை வழக்கு நடந்துகொண்டிருந்தபோது அதை விட்டுவிட்டார்கள், பிறகு சேர்த்தார்கள். ஹெச்டி மெஷின் என்று முரசறைந்துவிட்டு பெட்டிக்குள் ஹெச்டிஎம்ஐ ஒயர்கூட வைக்காமல் பழைய காலத்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை வைத்ததும் சோனிதான். அந்தக் கஞ்சத்தனத்துக்கு என்னிடம் சமாதானம் இல்லை.)

இனி ப்ளூ-ரே. விலை எதிர்ப்பாளர்களின் வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது: 'நான் கேட்காத சாமானை என் தலையில் கட்டிவிட்டு, அது மலிவு என்று சொல்லாதே.' கேலி செய்கிறவர்களை ஒதுக்கிவிடலாம், இந்த வாதத்தை அப்படி ஒதுக்க முடியாது. 2006-இல் வந்த முதல் ப்ளூ-ரே பிளேயர்களின் விலை 1,000 டாலர் அளவில் இருந்தது. சாம்சங்கும் அப்படித்தான், சோனியின் சொந்தப் பிளேயரும் அப்படித்தான். ஒரு கன்சோலை வாங்கினால் அது இலவசமாக வருகிறது என்பது படம் பார்க்கிறவருக்கு லாபம், ஹெச்டி டிவியே இல்லாத வீட்டில் இருந்த பையனுக்கு ஒரு பயனும் இல்லை. அந்தப் பையனுக்கு, அதுவும் ஆன்லைனில் ஆடாதவனுக்கு, பிளேஸ்டேஷன் 3 விலை கூடியதுதான். அவனுக்காக வாதாட யாராவது வந்தால் நான் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால் 599-ஐ வசையாக்கியவர்கள் அவனுக்காகப் பேசவில்லை. ஹெச்டி டிவி வைத்திருந்தவர்கள், தொழில்நுட்பம் பற்றி எழுதுகிறவர்கள், ப்ளூ-ரேயா அதன் போட்டியான ஹெச்டி டிவிடியா என்று தினமும் சண்டை போட்டவர்கள் இவர்கள். மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு ஹெச்டி டிவிடி டிரைவை 200 டாலருக்குத் தனியாக விற்றது. வாங்கினவர்கள் கதி என்ன? 2008 ஜனவரியில் சினிமா கம்பெனியான வார்னர் ஹெச்டி டிவிடியைக் கைகழுவியது, பிப்ரவரியில் அதை முன்னின்று நடத்திய தோஷிபாவே கடையைக் கட்டியது. தனியாக வாங்கும் சுதந்திரம் என்று பாராட்டப்பட்ட அந்த 200 டாலர் டிரைவ் அலமாரிச் சாமானானது. ப்ளூ-ரேயோ படத்துக்கு மட்டும் வந்ததில்லை. கேமும் அதில்தான் வந்தது. 360-க்கு டிவிடிதான், பெரிய கேம் என்றால் நடுவில் எழுந்து டிஸ்கை மாற்ற வேண்டியிருந்தது.

கெட்டுப்போவதையும் விலையில் சேர்க்க வேண்டும். 360-இன் முகப்பில் சிவப்பு வளையம் எரிந்தால் மெஷின் போச்சு என்று அர்த்தம். இது எத்தனை பேருக்கு நடந்தது என்று நான் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்டே வாரண்டியை மூன்று வருடமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. சோனியின் முதல் மாடல்களும் சூட்டில் செத்தன. ஆனால் கணக்குப் புத்தகத்தில் இவ்வளவு பெரிய தொகையைத் தனியாக எழுதவேண்டிய நிலை அங்கே வரவில்லை.

பேராசை என்ற குற்றச்சாட்டு இன்னும் விசித்திரம். ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3-ஐப் பிரித்துப் போட்டு, உள்ளே இருந்த ஒவ்வொரு சில்லுக்கும் விலை போட்டுப் பார்த்தது. 20 ஜிபி பெட்டியைச் செய்ய சுமார் 806 டாலர், 60 ஜிபிக்கு சுமார் 840 டாலர் என்று கணக்கு வந்தது. அதாவது ஒவ்வொரு பெட்டியிலும் சுமார் 240 முதல் 307 டாலர்வரை கைநஷ்டம். 2007 மார்ச்சில் முடிந்த வருடத்தில் சோனியின் கேம் பிரிவு 23,230 கோடி யென் இழந்தது. 800 டாலர் சரக்கை 499-க்கு விற்கிறவனைக் கோமாளி என்று திட்டலாம், பேராசைக்காரன் என்று திட்ட முடியாது. அந்த வருட நஷ்டம் விலையைக் கூட்டி வைத்ததால் வந்ததில்லை, அடக்க விலைக்குக் கீழே இறக்கி வைத்ததால் வந்தது. ஜப்பானில் முதலில் அறிவித்த 62,790 யென்னை வெளியீட்டுக்கு முன்பே 49,980-க்கு இறக்கினார்கள் என்பதும் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிற செய்தி.

பிறகு ஏன் இந்தப் பெயர் வந்தது? பாதிப் பழியை கென் குதராகியின் வாய் மேல் போடலாம். பிளேஸ்டேஷனின் தந்தை என்று கொண்டாடப்பட்ட மனிதர். மேதைதான், சந்தேகமில்லை. ஆனால் இந்த மெஷினை வாங்குவதற்காகவே ஜனங்கள் கூடுதல் நேரம் வேலை செய்ய நினைக்க வேண்டும் என்றார். விலை கேட்டு ஊர் அதிர்ந்தபோது, இது ரொம்ப மலிவோ என்னவோ என்றார். கம்பெனி கேன்டீன் சாப்பாட்டையும் நல்ல ரெஸ்டாரன்ட் சாப்பாட்டையும் ஒப்பிடலாமா என்று கேட்டார். அடக்க விலையைப் பார்த்தால் அவர் சொன்னது கணக்குப்படி சரி. ஆனால் பணம் கொடுக்கப்போகிறவனிடம் பேசுகிற பேச்சா அது? விலை தந்த எரிச்சலைவிட அந்தப் பேச்சு தந்த எரிச்சல் அதிகம். எரிச்சலோடு இருக்கிறவன் காகிதம் எடுத்துக் கூட்டிப் பார்க்க மாட்டான்.

மீதிப் பழி, மெஷினை வாங்க ஒரு காரணம் அப்போது இல்லாமல் போனதில் இருக்கிறது. போட்டியாளன் வந்து ஒரு வருடம் கழித்து வந்தார்கள். நீல லேசர் பாகங்கள் போதவில்லை என்று ஐரோப்பாவை 2007 மார்ச்சுக்குத் தள்ளினார்கள். உள்ளே இருந்த செல் பிராசஸரை எப்படி வேலை வாங்குவது என்று கேம் எழுதுகிறவர்கள் திண்டாடினார்கள். மேடன் என்எஃப்எல் 08 கேம் 360-இல் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடியது, விலை கூடிய மெஷின் என்று பெயர் வாங்கிய பிளேஸ்டேஷனில் 30 மட்டும். ஜிடிஏ 4 வந்தபோது இரண்டிலும் ஒரே நாளில் வந்துவிட்டது. முந்தைய ஜிடிஏக்கள் பிளேஸ்டேஷன் 2-க்கே முதலில் வந்து பழகியவர்களுக்கு இது பெரிய அடி. எல்லாவற்றையும்விடக் கொடுமை, 2007 மார்ச்சில் சோனியின் பெரிய கேமான காட் ஆஃப் வார் 2 வந்தது, பிளேஸ்டேஷன் 2-க்கு! 130 டாலருக்குக் கடையில் கிடந்த தன் சொந்தப் பழைய மெஷினோடு போட்டி போட வேண்டியிருந்தது புதிய மெஷின். இத்தனையும் இருக்க, விலைச்சீட்டு ஒன்றுதான் கொலைகாரன் என்று தீர்ப்பெழுதுவது சோம்பேறித்தனம்.

விலைச்சீட்டுதான் விதி என்றால் மலிவான மெஷின்கள் ஜெயித்திருக்க வேண்டும். டிரீம்காஸ்ட் 1999-இல் 199 டாலருக்கு வந்தது. 2001-இல் சேகா மெஷின் செய்யும் தொழிலையே விட்டது. அந்த வருடம் நிண்டெண்டோவின் கேம்கியூப் 199 டாலருக்கு வந்தது. எக்ஸ்பாக்ஸும் பிளேஸ்டேஷன் 2-ம் அப்போது 299. கேம்கியூப்தான் கடைசியில் நின்றது, 2 கோடியே 17 லட்சத்தோடு. 2012-இல் அதே நிண்டெண்டோவின் வீ யூ 299 டாலருக்கு வந்தது, பின்னால் வந்த பிளேஸ்டேஷன் 4-ஐவிட 100 டாலர் குறைவு. ஒன்றரைக் கோடியைக்கூட எட்டவில்லை. 'நிண்டெண்டோவின் 250 டாலர் வீ 10 கோடி விற்றதே' என்பார்கள். விற்றது, கையை வீசி டென்னிஸ் ஆடலாம் என்று பாட்டியும் பேரனும் வாங்கினார்கள். அதே கம்பெனியின் அதைவிட மலிவான கேம்கியூப் அதற்கு ஐந்து வருடம் முன்னால் ஏன் தேங்கியது என்பதற்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

2009 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 3-இன் ஸ்லிம் மாடலை 299-க்கு இறக்கியதும் விற்பனை துள்ளியதைக் காட்டுவார்கள். விலை இறங்கினால் கூட்டம் கூடும், அதை யார் மறுத்தது? கையில் இருக்கிற காசுக்குள் ஒரு சாமான் வருவது ஒரு விஷயம்; பக்கத்துக் கடையைவிட அது கூடுதல் விலையா என்பது இன்னொரு விஷயம். அதுபோக, 2009-க்குள் மெட்டல் கியர் சாலிட் 4 வந்துவிட்டது, அன்சார்ட்டட் 2 வாசலில் நின்றது, ப்ளூ-ரே சண்டை முடிந்துவிட்டது. முடிவில் பிளேஸ்டேஷன் 3 விற்றது 8 கோடியே 70 லட்சத்துக்கு மேல். ஒரு வருடம் முன்னால் ஓடத் தொடங்கிய 360-க்கு மைக்ரோசாஃப்ட் 2014-இல் சொன்ன கணக்கு 8 கோடியே 40 லட்சம்.

நம் ஊர்க் கணக்கு இதில் சேராது. சிப் போட்ட பிளேஸ்டேஷன் 2-ம் பர்மா பஜார் காப்பி டிஸ்குமாக வளர்ந்த தலைமுறைக்கு, காப்பி டிஸ்க் ஓடாத மெஷின் எந்த விலைக்கு வந்தாலும் விலை அதிகம்தான். பல வருடம் யாராலும் உடைக்க முடியாத மெஷினாக இருந்தது பிளேஸ்டேஷன் 3.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2025-இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு 450 டாலர் என்று சொன்னதும் அதே ஒற்றை எண் பஞ்சாயத்து மறுபடியும் கூடியது. பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டலும் அப்போது அமெரிக்காவில் அதே 450. 'கையடக்க மெஷினுக்கு இந்த விலையா' என்று ஒரு கட்சி, 'சரிக்குச் சரி' என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் கூட்டிப் பார்க்கவில்லை. விலைக்கு வாங்கிய கேமை ஆன்லைனில் ஆட அப்போது சோனிக்கு வருடம் 80 டாலர், நிண்டெண்டோவுக்கு 20. மூன்று வருடத்தில் 180 டாலர் வித்தியாசம். மறுபக்கம், மரியோ கார்ட் வேர்ல்டு என்ற கேம் ஒன்றே அப்போது 80 டாலர், நிண்டெண்டோ தன் கேம்களுக்குத் தள்ளுபடி தருவதும் அபூர்வம். உள்ளே 256 ஜிபிதான் இடம், நிறைந்தால் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகைக் கார்டுதான் போட வேண்டும், பழைய கார்டில் கேம் ஓடாது. அந்த வருடம் ஆகஸ்டில் சோனியும் தன் விலையில் 50 டாலர் ஏற்றியது. எத்தனை கேம் வாங்குவீர்கள், ஆன்லைனில் ஆடுவீர்களா, வீட்டில் டிவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எந்த மெஷின் மலிவு என்பது மாறிக்கொண்டே இருக்கும்.

ஜப்பானில் இன்னும் கூத்து. 2025-இல் அங்கே ஜப்பானிய மொழி மட்டும் பேசும் ஸ்விட்ச் 2-க்கு 49,980 யென். பல மொழி பேசும் அதே மெஷினுக்கு 69,980. சோனியும் சளைக்காமல் 2025 நவம்பரில் ஜப்பானிய மொழிக்கு மட்டுமான டிஜிட்டல் பிளேஸ்டேஷன் 5-ஐ 55,000 யென்னுக்கு இறக்கியது. வழக்கமான டிஜிட்டல் அப்போது அங்கே 72,980. ஒரே சில்லு, ஒரே டப்பா, இரண்டு விலை. அடுத்த மெஷின் வரும்போது '599' என்று கூவத் தயாராக இருப்பவர்கள், இந்த நான்கு எண்களில் எதை எடுத்து எதோடு ஒப்பிடுவார்கள் என்று முதலில் சொல்லட்டும். சொன்ன கையோடு மூன்று வருடச் செலவையும் கூட்டிக் காட்டட்டும்.